சகாவின் ஊகம்

இரண்டு மணி எட்டு நிமிடம். புது ஃபைலைத் திறந்ததும் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனேன், பன்னிரண்டு வருடப் பழக்கம். திரையின் வலது மூலையில் சகா உடனே எட்டிப் பார்த்தது. நாற்பத்து மூன்றில் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இருக்கிறீர்கள், வேலையை ஏறக்குறைய முடித்துவிட்டீர்கள், முடிவைப் பதிவு செய்ய உதவட்டுமா என்று கேட்டது. முடித்துவிட்டேனாம். நாற்காலி கூட இன்னும் சூடாகவில்லை. ஆறு மாதமாக இதே கூத்து. ஆஸ்பத்திரிகள் அனுப்பும் ஃபைலைப் படித்து, இவருக்கு இன்ஷூரன்ஸ் உண்டு, சிகிச்சையைத் தொடங்கலாம் என்று அனுமதி கொடுப்பதோ மறுப்பதோ எங்கள் வேலை. ஃபைலின் முன்பக்கத்தில் டாக்டரின் சுருக்கம் இருக்கும், அது எங்கள் கண்ணுக்காகவே எழுதியது, சலவைக்குப் போய் இஸ்திரி போட்டு வந்தது. கடைசியில்தான் நர்ஸுகளின் கையெழுத்துக் குறிப்புகள். எத்தனை மணிக்கு வாந்தி, யாரைக் கேட்டு அழுதார், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார், எல்லாம் அங்கேதான் இருக்கும், நோயாளியே அங்கேதான் இருப்பார். நான் நான்கு வருடம் நர்ஸாக இருந்தவள், அந்தக் குறிப்புகளை எழுதிய கை என்னுடையது, அதனால் பின்னாலிருந்து முன்னால் படிப்பேன். சகாவுக்கு அது புரியாது. நான் எந்த வேலையில் இருக்கிறேன், எவ்வளவு முடித்தேன், எங்கே மாட்டிக்கொண்டேன் என்று என் கை அசைவை வைத்து ஊகித்து உதவ வந்த மென்பொருள் அது. கடைசிப் பக்கத்தைத் திறந்தால் தொண்ணூற்றாறு சதவீதம் என்று காட்டும். நான் படித்துக்கொண்டே முன்னால் வர வர எண்பது, அறுபது, முப்பது என்று இறக்கிக்கொண்டே போகும். முதல் பக்கத்துக்கு வந்து நான் முடிவெடுக்கும்போது அதன் கணக்கில் நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. சகா இல்லை, சகுனி என்று ஜெசிந்தா சொல்வாள், எல்லோரும் சிரிப்போம். மார்ச் மாதத்துக்கு அப்புறம் எனக்கு அந்தச் சிரிப்பு வருவதில்லை.

மார்ச்சில் ரிவ்யூ. பெரிய திரையில் என் பெயர், குணவதி, அதன் கீழே சகா கணக்கிட்ட சிவப்புக் கோடு மலையிறங்குவது போல. மேலிடத்திலிருந்து வந்திருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, இவங்க ஏன் ஒவ்வொரு ஃபைல்லயும் பின்னாடியே போறாங்க என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன் கிருபாகரனைப் பார்த்தேன். அவன்தான் எங்கள் மேனேஜர். அவனுக்குத் தெரியும். சேர்ந்த புதிதில் ஐந்து வருடம் என் பக்கத்து சீட்டில் இருந்தவன், அக்கா நீங்க பின்னாடியிருந்து படிக்கிறதப் பாத்தா எனக்கு உருது படிக்கிற மாதிரி இருக்கு என்று கிண்டல் செய்தவன், பிறகு அவனும் அப்படியே படிக்க ஆரம்பித்தவன், அப்படிப் படித்துத்தான் மூன்று போலி ஆஸ்பத்திரிகளைக் கண்டுபிடித்துப் பேர் வாங்கி மேலே போனவன். ஒரு வாக்கியம் போதும். அவங்க அப்படித்தான் மேடம் படிப்பாங்க, கணக்குதான் தலைகீழா இருக்கு என்று ஒரே ஒரு வாக்கியம். அவன் பேனாவின் மூடியைத் திறந்து மூடினான். ஆமா மேடம், அவங்க கொஞ்சம் ஸ்லோ, இப்பல்லாம் அடிக்கடி ஸ்டக் ஆகிடுறாங்க என்றான். ஸ்டக். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தான். அன்றிலிருந்து நான் அக்கா இல்லை, மேடம். என் சீனியர் பதவி போனது, ஜன்னலோர சீட் போனது, மூன்று மாதத்தில் கோடு ஏறாவிட்டால் வேலையும் போகும் என்று கடிதம் வந்தது. இந்த மாதத்தோடு அந்த மூன்று மாதம் முடிகிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தினமும் டிபன் பாக்ஸைக் கழுவி வைக்கும்போது இன்றைக்குச் சொல்லலாம் என்று நினைப்பேன், பிறகு பாக்ஸைத் துடைத்துக் கவிழ்த்துவிட்டுப் போய் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவேன்.

நாற்பத்து மூன்று, நாற்பத்து இரண்டு, ஒன்றுமில்லை, ரத்த அழுத்தம், சர்க்கரை. நாற்பத்து ஒன்று. அறுபத்தேழு வயதுப் பெண்மணி. இருதயக் குழாயில் அடைப்பு, இன்று மூன்று மணிக்கு ஸ்டென்ட் வைக்க வேண்டும், எங்கள் அனுமதிக் கடிதம் வந்தால்தான் உள்ளே கொண்டுபோவார்கள். குண்டு குண்டாக எழுதியிருந்தாள் அந்த நர்ஸ், புதியவள் போலிருக்கிறது, எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். காலையிலிருந்து பட்டினி, தண்ணீர் கேட்கிறார். இடது கையில் சுண்டுவிரல் இல்லை, சின்ன வயதில் போனது. இரண்டு வருடமாக மாடி ஏறினால் மார்பு அடைக்கும் என்கிறார். பயம் இருக்கிறதா என்று கேட்டதற்கு, என் பையன் கிருபாகரன் இன்ஷூரன்ஸில்தான் மேனேஜர், அவன் பார்த்துக்கொள்வான் என்கிறார். நான் அந்த வரியைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். நோயாளியின் பெயர் எங்களுக்குத் தெரியவே கூடாது, அச்சடித்த பெயரையெல்லாம் மென்பொருள் கறுப்புப் பட்டை போட்டு மறைத்துவிடும், ஆனால் கையெழுத்து அதற்குப் படிக்க வராது. முன்னாலிருந்து படிக்கிறவன் எவனும் இந்தப் பக்கத்துக்கு வந்திருக்கவே மாட்டான். நான் வந்துவிட்டேன். அம்பத்தூரில் அவன் புதுவீட்டுக்குக் குடிபோனபோது எனக்கு வடை வைத்த கை, நான்கு விரல், நான் பார்க்காத மாதிரி பார்த்த கை. நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடி அறைக்குள் கிருபாகரன் நின்றுகொண்டிருந்தான். உட்காரவில்லை. நாலு மணிக்கு மேலிடத்துக்கு ரிவ்யூ, லீவு கிடைத்திருக்காது, அல்லது கேட்டிருக்கமாட்டான். எனக்கு உள்ளங்கை வேர்த்தது, பிறகுதான் தெரிந்தது அது சந்தோஷம் என்று.

ஆமாம், சந்தோஷம். எதற்கு மறைக்க வேண்டும். மூன்று மாதமாகப் படுக்கையில் புரண்டு புரண்டு அவனை நான் என்னவெல்லாமோ செய்திருக்கிறேன், லிஃப்டில் அறைந்திருக்கிறேன், அந்தப் பேனாவை வாங்கி அவன் சட்டையிலேயே உடைத்திருக்கிறேன், மேலிடத்து அம்மாள் முன்னால் அவனை அழ வைத்திருக்கிறேன். எதிலும் திருப்தி வந்ததில்லை. இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாலே போதும். தெரிந்தவர் ஃபைல் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி, கொடுத்தால் அது வரிசையின் கடைசிக்குப் போகும், இரண்டு மணி நேரம் ஆகும், மூன்று மணி போய்விடும், நாளைக்குத்தான். விதிப்படி நடந்தவள் என்று பெயர் வேறு கிடைக்கும். அல்லது ஆஸ்பத்திரியிடம் ஒரு காகிதம் கேட்கலாம், பழைய ஈசிஜி இருந்தால் அனுப்பவும் என்று, அதுவும் நாளைக்குத்தான். அல்லது மறுத்தே விடலாம். ஆறாம் பக்கத்தில் பாலிசி எடுத்தபோது பூர்த்தி செய்த படிவம் இருக்கிறது, எடுத்துப் பதினாலு மாதம் ஆகிறது, முன்பே ஏதாவது நோய் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று டிக். டிக் அடித்தது அவனாகத்தான் இருக்கும். டாக்டரின் சுருக்கத்தில் மூன்று நாளாக வலி என்று இருக்கிறது. நர்ஸ் இரண்டு வருடம் என்று எழுதியிருக்கிறாள். மறைத்து எடுத்த பாலிசி. எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் நிற்கும். ஆறாம் பக்கம், நாற்பத்து ஒன்று, மறுபடி ஆறு. சகா எட்டிப் பார்த்தது, ஒரே இடத்தில் நிற்கிறீர்கள், உதவட்டுமா. போடா என்றேன், வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

“யாரக்கா போடாங்கறீங்க?” ஜெசிந்தா பக்கத்து சீட்டிலிருந்து எட்டினாள். “சகுனியத்தான்” என்றேன். “டீக்குப் போலாமா? இன்னைக்கு வாழக்கா பஜ்ஜி.” “நீ போ, இத முடிச்சிட்டு வரேன்.” “முகமே சரியில்ல. சுரம் கிரம் அடிக்குதா?” புறங்கையால் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். மணி இரண்டு இருபத்தைந்து. இரண்டு வருடமாக. எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். வார்டில் கேட்டால் தலைவலிக்கும் ரெண்டு வருஷம், கால்வலிக்கும் ரெண்டு வருஷம், வயதானவர்களுக்கு இரண்டு வருடம் என்றால் ரொம்ப நாள் என்று அர்த்தம், நேற்று இல்லை என்று அர்த்தம், அதற்குமேல் ஒன்றுமில்லை. இந்த மாதிரி வரிகளை நான் எத்தனையோ ஃபைலில் பார்த்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன். கையைப் பிடித்துக்கொண்டு நம்பிச் சொன்னதை எடுத்து அவர்கள் தலையிலேயே போடுவதற்காக நர்ஸ் எழுதவில்லை, நானும் எழுதியதில்லை. அப்படியானால் இதையும் தாண்டிப் போ. முடியாது. தாண்டிப் போனதற்குத்தானே போன வருடம் கிருபாகரன் என்னைக் கூப்பிட்டுப் பேசினான், இந்த மாதிரிக் குறிப்பெல்லாம் விடக்கூடாது மேடம், ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் என்று. எல்லாருக்கும் ஒண்ணுதான். அப்போதும் மேடம் என்றானா, இல்லை அக்கா என்றானா, மார்ச்சுக்கு முன்னால் அக்காவாகத்தான் இருந்திருக்க வேண்டும், எனக்கு இப்போது அவன் சொன்ன எல்லாமே மேடம் என்றுதான் கேட்கிறது. நான் இன்னும் ஒருமுறை நாற்பத்து ஒன்றைத் திறந்தேன்.

கண்ணாடிக் கதவு திறக்கும் சத்தம். அவன் சீட்டு சீட்டாக வந்தான், ஒவ்வொருவரிடமும் ஏதோ கேட்பது போல, கேட்காமல். எனக்குப் பின்னால் வந்து நின்றான். நான் திரையை முதல் பக்கத்துக்கு மாற்றிவிட்டேன். “மேடம், கார்டியாக் ஏதாவது நிக்குதா?” “ஏன் சார்?” “இல்ல, சும்மாதான். கியூ பாத்தேன், கொஞ்சம் சேந்திருக்கு.” “ஒண்ணு பாத்துட்டு இருக்கேன் சார்.” “எவ்ளோ நேரமாகும்?” நான் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தேன், மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவை. சரியாகச் சவரம் செய்யவில்லை, தாடையில் ஒரு வெட்டு, காலரில் சாம்பார் கறை. “தெரியல சார். நான்தான் ஸ்லோவாச்சே, அடிக்கடி ஸ்டக் ஆகிடுறேன்” என்றேன். அவன் வாய் அசைந்தது. அவன் சொல்ல முடியாது, சொந்தக்காரர் ஃபைலைப் பற்றி ஊழியரிடம் ஒரு வார்த்தை பேசினாலும் அன்றே வேலை போகும், அந்த விதியில் அவனுடைய கையெழுத்தும் இருக்கிறது. எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. அந்த அரை நிமிடம், அவன் பேனாவின் மூடியைத் திறந்து மூடிய அந்த அரை நிமிடம், அப்படியொரு இனிப்பை நான் சாப்பிட்டதே இல்லை. “கொஞ்சம் சீக்கிரம் பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனான். கொஞ்சம் நடந்தவன் நின்றான், திரும்பி வருவான், அக்கா என்று கூப்பிடுவான் என்று நினைத்தேன், கூப்பிட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. போன் அடித்தது, எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

இரண்டு முப்பத்தாறு. தண்ணீர் கேட்கிறார். ஏன் அதை எழுதினாள் அந்தப் பெண். தண்ணீர் கேட்காத பட்டினி நோயாளி உண்டா, எல்லோரும் கேட்பார்கள், நாங்கள் பஞ்சை நனைத்து உதட்டில் தடவுவோம், நாக்கு அந்தப் பஞ்சைத் தேடி வரும், அதைப் பார்க்கக்கூடாது என்று திரும்பிக்கொள்வோம். அவன் அம்மா நல்லவளா என்று எனக்கு என்ன தெரியும். இரண்டு மணி நேரம் பார்த்தேன் அந்தப் புதுவீட்டில். நீதானா குணா, உன்னப் பத்தித்தான் இவன் வாய் ஓயாமப் பேசுவான், எங்க அக்கா எங்க அக்கான்னு, என்றாள். அந்த அக்காவைத்தான் உங்கள் பிள்ளை பெரிய திரையில் ஏற்றி வைத்து ஸ்லோ என்றான், தெரியுமா அம்மா. நீ பெற்றது. நீ வளர்த்தது. ஒரு நாள் பட்டினி கிட, என்ன இப்போது. மாடி ஏறினால் மார்பு அடைக்கிறது என்றால் ஒரு நாளில் என்ன ஆகிவிடும். ஆகும். ராத்திரி மூன்று மணிக்கு ஆகும், எனக்குத் தெரியும், அப்படி ஆனவர்களுக்கு நான் வெள்ளைத் துணி போர்த்தியிருக்கிறேன். ஆகட்டும். இல்லை, ஆகக்கூடாது, ஆகாமல் அவன் மட்டும் வேக வேண்டும், அப்படி ஒரு பொத்தான் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், மகனுக்கு மட்டும் ஒன்று, தாய்க்கு வேறு ஒன்று. ஆறாம் பக்கம். நாற்பத்து ஒன்று. இல்லை என்ற டிக்கின் வால் கொஞ்சம் நீளம், அவன் அப்படித்தான் டிக் அடிப்பான், அவசரத்தில் கட்டத்தைத் தாண்டிப் போகும். இரண்டு வருடமாக. பெரிதாக்கினேன். சுருக்கினேன். ஒருவேளை பொய் சொல்லித்தான் எடுத்தானோ, அப்படியானால் இது பழியே இல்லை, வேலை. வேலை என்று சொல்லிக்கொண்டபோது எனக்கே அசிங்கமாக இருந்தது.

சகா மறுபடி வந்தது. இந்த முறை உதவட்டுமா என்று கேட்கவில்லை. பதினொரு முறை நாற்பத்து ஒன்றாம் பக்கத்தையும் பத்து முறை ஆறாம் பக்கத்தையும் மாறி மாறித் திறந்தீர்கள், ஒரு வரியைப் பெரிதாக்கினீர்கள், அந்தக் கையெழுத்தை என்னால் படிக்க இயலவில்லை, ஆனால் இத்தகைய வரிகளை நீங்கள் வழக்கமாக விரைவில் கடந்துவிடுவீர்கள், இன்று கடக்கவில்லை, ஆகவே இந்த விண்ணப்பத்தை மறுப்பதற்கு நீங்கள் காரணம் தேடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். மறுப்புக் கடிதம் தயார் செய்திருக்கிறேன். வேலை எண்பது சதவீதம் முடிந்துவிட்டது. ஆறு மாதமாக என்னைத் தப்புத் தப்பாகப் படித்த சனியன், முடித்தபோது ஆரம்பிக்கவில்லை என்றது, ஆரம்பித்தபோது முடித்துவிட்டாய் என்றது, யோசித்தபோது தூங்குகிறாய் என்றது. நான் ஒரு ஃபைலில் ஒரு உயிரைக் கண்டுபிடித்த நாட்களில் ஒருமுறையாவது அதற்கு என்னைத் தெரிந்ததா. இப்போது தெரிகிறது. என் வாழ்க்கையிலேயே இழிவான அரை மணி நேரத்தில் கச்சிதமாக என்னைப் பிடித்துவிட்டது. கடிதத்தைத் திறந்தேன். மரியாதையான கடிதம். தங்கள் நலனில் அக்கறை கொண்டுள்ளோம் என்று ஆரம்பித்தது. நடுவில் ஓர் இடம் மட்டும் காலி, நாற்பத்து ஒன்றாம் பக்கத்தில் நோயாளி தெரிவித்தபடி என்று போட்டு ஒரு கோடு, கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் நான்தான், நான் நிரப்ப வேண்டும். இரண்டு என்று அடித்தேன். வருடமாக என்று அடித்தேன். எண்பத்தெட்டு சதவீதம் என்றது. மாடி ஏறினால் என்று அடித்தேன். தொண்ணூற்றிரண்டு. என் கோடு ஏறியது, முதல் முறையாக, ஒழுங்காக, இடமிருந்து வலமாக. நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்றது சகா.

அந்தப் பாராட்டில்தான் எனக்குக் கை நின்றது. கருணை இல்லை, யாரும் அப்படி நினைக்க வேண்டாம். கோபம். கிருபாகரா, என் பதவியை எடுத்தாய், சீட்டை எடுத்தாய், அக்காவை எடுத்தாய், வேலையையும் எடுக்கப் போகிறாய், எடு. ஆனால் படுக்கையில் கிடக்கிறவர்கள் நம்பிச் சொன்னதை வைத்து நான் பன்னிரண்டு வருடத்தில் ஒருவரைக்கூட விரட்டியதில்லை, அது ஒன்றுதான் என்னிடம் மிச்சம் இருக்கிறது. அதையும் நானே உன் பொருட்டு, உன் மேல் உள்ள ஆத்திரத்தில், இந்தச் சகுனி பக்கத்தில் நின்று பேஷ் போட என் கையாலேயே கழுவி ஊற்றவா. மாட்டேன். உனக்காக இல்லை, உன் அம்மாவுக்காகக்கூட இல்லை என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் அந்தத் தண்ணீர் என் நாக்கிலேயே உலர்ந்துகொண்டிருந்தது, அதுவும் உண்மை. அடித்ததை அழித்தேன். கடிதத்தை மூடினேன். தெரிந்தவர் ஃபைல், நான் தொடக்கூடாது, தொட்டேன். அனுமதி என்பதை அழுத்தினேன். இரண்டு நாற்பத்தெட்டு. கண்ணாடி அறைக்குள் அவன் போன் மினுங்கியது, பார்த்தான், மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தான். பிறகு வெளியே பார்த்துச் சிரித்தான், யாரைப் பார்த்தும் இல்லை, ஏசியைப் பார்த்து, செடித்தொட்டியைப் பார்த்து, என்னைப் பார்த்து. என்னைப் பார்த்தபோது கண் நகர்ந்து போய்விட்டது, ஸ்லோவான ஒரு மேடத்தைத் தாண்டிப் போகிற மாதிரி.

அந்தச் சிரிப்பு. வயிறு எரிந்தது. அடங்கிவிட்டது என்று நினைத்தேனே, எங்கே அடங்கியது, அடுப்பை அணைத்த பிறகும் பாத்திரத்தில் கொதிக்கிற மாதிரி கொதித்துக்கொண்டேதான் இருந்தது. அவனுக்கு ஒன்றும் தெரியாது. யாரோ பார்த்தார்கள், அனுமதித்தார்கள், சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போவான். நாலு மணிக்கு ரிவ்யூவில் மறுபடி என் சிவப்புக் கோட்டைப் போடுவான். மூலையில் சகா அசைந்தது. மறுப்பதற்கான வேலை கைவிடப்பட்டது, முப்பது நிமிடங்களுக்கும் மேல் அதற்காகச் செலவிட்டீர்கள் என்று ஊகித்தேன், என் ஊகம் சரியா? தவறு என்றால் இந்தப் பதிவை அழித்துவிடுவேன், சரி என்றால் ஃபைல் எண்ணுடன் இன்றைய அறிக்கையில் சேர்ப்பேன். கீழே இரண்டு கட்டங்கள். நாலு மணி அறிக்கை அவன் மேஜைக்குத்தான் போகிறது, ஊழியர் என்ன செய்ய நினைத்தார் என்பது வரைக்கும் எனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கியவன் அவன். அம்மாவின் ஃபைல் எண் அவனுக்கு மனப்பாடமாக இருக்கும், காலையிலிருந்து அதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறான். தவறு என்று அழுத்தினால் எனக்கு இன்னும் சில வாரம் வேலை இருக்கும், நான் மந்தமானவளாக, நல்லவளாக வீட்டுக்குப் போகலாம். சரி என்றால் இன்றைக்கே முடிந்தது, கேள்வி கேட்பார்கள், தெரிந்தவர் ஃபைலை ஏன் தொட்டாய் என்பார்கள், டிபன் பாக்ஸோடு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போய் வீட்டில் சொல்ல வேண்டியதுதான். ஆனால் அவன் படிப்பான். பெரிய திரையில், அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பான், குணவதி, முப்பது நிமிடம், மறுக்கக் காரணம் தேடினார், கைவிட்டார். அவன் பின்னால் வந்து நின்று கார்டியாக் ஏதாவது நிக்குதா என்று கேட்டபோது அவன் அம்மா என் விரலடியில் இருந்தாள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். ஏன் விட்டேன் என்று மட்டும் தெரியாது. அதைக் கேட்க அவன் என் முகத்தைப் பார்த்தாக வேண்டும், அக்கா என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், நான் பதில் சொல்ல மாட்டேன். சரி என்ற கட்டத்தை அழுத்தினேன்.